உள்பக்கம் வைத்த பக்கிள்

அத்தியாயம் 11

போன வாரம் சைராவை ஷூ கம்பெனி கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தோம். கையில் சாப்பாட்டுப் பை, கண்ணில் தண்ணீர்.

சாம்பிள் ரூமில் பூட்டி வைத்திருந்த புது மாடல் பூட்ஸ் போலவே ஒன்று, சீசன் தொடங்கும் முன்பே ஆம்பூர் பஜாரில் ஒரு கடை வாசலில் தொங்கியது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் குதித்தான். மேனேஜர் யாரையாவது பிடித்தாக வேண்டும். சைராவின் கொழுந்தன் கலீமுல்லா சின்னதாக ஒரு ஷூ யூனிட் வைத்திருக்கிறான். அவ்வளவு போதாதா? கலீமுல்லா குழந்தைகள் செருப்பைத் தவிர வேறு எதையும் தைத்ததில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

இந்த வாரம் சைரா அழவில்லை. பெருநாளுக்கு எடுத்த சுடிதாரைப் போட்டு, மேலே புர்காவை மாட்டிக்கொண்டு, ஆம்பூரில் பஸ் ஏறி ஜன்னல் ஓரத்தில் இடமும் பிடித்துவிட்டாள். மாதனூரில் இன்பம் ஏறியதும் பையை எடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

சாம்பிள் ரூமில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குப் பதில் என் பெண் வரைந்த படங்களைப் பார்க்க வாயேன் என்று இன்பம்தான் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டது நல்ல மனசோடுதான். நல்ல மனசு எத்தனை பேரை எங்கெல்லாம் கொண்டுபோய் மாட்டிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

வேலூரில் ஒரு கல்லூரி ஹாலில், இன்பத்தின் மகள் கரோலின் தன் மூன்று வருஷத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கதைப் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் வரைகிற படிப்பு. இன்று கடைசி ரிவ்யூ. செய்து முடித்த ப்ராஜெக்டுகளை வரிசையாக மாட்டி, சென்னையிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் முன்னால் நின்று, எது எப்படி வந்தது, எதில் தவறினேன் என்று பேச வேண்டும். பெற்றவர்களும் வரலாம். அப்பா ஜெயகரனுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, அம்மா வருகிறாள். அம்மா இந்தக் கல்லூரிக்குள் வருவது இதுதான் முதல் தடவை. நேற்றுவரை கரோலினுக்கு அது உறைக்கவே இல்லை.

அவள் முதல் ப்ராஜெக்ட் அமிர்தி. அங்கிருக்கும் சின்ன மிருகக்காட்சி சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து புள்ளிமான்களை வரைந்தாள். அழகான மான்கள். ஆனால் அவளுக்கும் மானுக்கும் நடுவில் கம்பி வலை இருந்தது. அதை வரைந்தால் மான் சரியாகத் தெரியாது என்று விட்டுவிட்டாள். இப்போது பார்த்தால் அந்த மான்கள் எந்த ஊரிலும் இல்லாத மான்களாக நின்றன.

இரண்டாவது, கிறிஸ்துமஸ் பவனி. தெரு நிறைய ஜனம், நட்சத்திர விளக்கு, பாட்டுக் குழு. விளக்குகளை ஆசை ஆசையாக வரைந்தவள், முகங்களுக்கு வந்தபோது கை சலித்து எல்லோருக்கும் ஒரே முகத்தைப் போட்டுவிட்டாள். அந்தக் கூட்டத்தில் அவளுடைய சொந்த சித்தப்பா இருந்தார். எங்கே என்று கேட்டால் அவளாலேயே காட்ட முடியாது.

அப்போதுதான் வகுப்பாசிரியர் டேனியல் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கஷ்டமானதைக் கண்டால் நழுவுகிறாய், அடுத்ததிலாவது இருப்பதை இருப்பதாக வரை என்றார். கரோலினுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவது ப்ராஜெக்டுக்கு 'அம்மாவின் ஒரு நாள்' என்று பேர் வைத்தாள். எதையும் விடவில்லை.

விடிகாலையில் கம்பெனி பஸ். கேட்டில் போனை வாங்கி வைக்கும் செக்யூரிட்டி. சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாய் மாற்றிக்கொள்ளும் கைகள். கடைசிப் படத்தில் சாம்பிள் ரூம் மேஜை. அதன்மேல் பாதி தைத்த ஒரு பூட்ஸ்.

சாம்பிள் ரூமுக்குள் கரோலின் போனதே இல்லை. வெளியாள் யாரும் போக முடியாது. ஆனால் கேட்டில் போனைத்தான் வாங்கி வைக்கிறார்கள், வாயை யார் வாங்கி வைப்பது? இன்பத்துக்கு அந்த ரூம் என்றால் அவ்வளவு பெருமை. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் விரல்விட்டு எண்ணுகிற ஆட்களுக்குத்தான் அங்கே இடம். இன்றைக்கு என்ன மாடல் வந்தது, எந்தத் தோல், எங்கே மடிப்பு என்று ராத்திரி சாப்பாட்டோடு சேர்த்து மகளுக்கு ஊட்டுவாள். தரையில் சாக்பீஸால் வரைந்தும் காட்டுவாள்.

அப்படித்தான் அந்த பூட்ஸ் வந்தது. எல்லா பூட்ஸிலும் பக்கிள் வெளிப்பக்கம் இருக்கும். இதில் வார் குதிகாலைச் சுற்றிப் போய் உள்பக்கம் பக்கிளில் மாட்டும். சுற்றுகிற இடத்தில் தோல் கிழிந்துகொண்டே இருந்தது. வளைவுக்கு அடியில் ஒரு துண்டுத் தோல் கொடுத்து, ரெண்டு வரி தையல் போட்டால் நிற்கும் என்று சொன்னது சைரா. சாம்பிள் ரூம் மாஸ்டர் கைதட்டினாராம். அந்த ரெண்டு வரி தையலையும் கரோலின் ஊசி ஓட்டை தெரிய வரைந்திருந்தாள்.

படம் பிரமாதமாக இருந்தது. கல்லூரி அதைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டது. கரோலினும் அம்மாவிடம் 'நிறைய லைக் வந்துச்சும்மா' என்று சொல்லியிருந்தாள். எந்தப் படத்துக்கு என்று அம்மாவும் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. சைராவுக்கு வேலை போனபோதுகூட அந்தப் படம் கரோலினுக்கு நினைவுக்கு வரவில்லை. தன் படத்தை யாராவது தோல் வெட்டுவதற்காகப் பார்ப்பார்கள் என்று எந்த ஓவியருக்குத்தான் தோன்றும்?

சைரா உள்ளே வந்ததும் மான்களுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு எல்லோருமாக அமிர்திக்கு வேன் வைத்துக்கொண்டு போனதைப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். இன்பம் மட்டும் மகளோடு படங்கள் மாட்டிய அடுத்தடுத்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாவது பலகைக்கு அவர்கள் வந்தபோதுதான் ஒரு மனிதர் கை கூப்பிக்கொண்டு வந்தார். நாட்றம்பள்ளிக்காரர், பெயர் காசிநாதன். கரோலினுக்கு ஒரு வருஷம் கீழே படிக்கும் பாரதியின் அப்பா. இந்தப் படம் போட்டது யார் என்று மகளை நச்சரித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"நீதானாம்மா? பாரதி போன்ல காட்டுச்சு. நாலு பேர வெச்சு சின்னதா யூனிட் நடத்தறேன். உன் பூட்ஸ் படத்தப் பாத்துதாம்மா பேட்டர்ன் வெட்னேன். ஒரு இடம் இடிக்கல. தையல் மொதக்கொண்டு அப்டியே வந்துச்சு. ஆம்பூர் பஜார்ல நல்லா போச்சு."

மாணவி கற்பனையில் வரைந்ததுதானே, அதைத் தைத்தால் யாருக்கு நஷ்டம் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. இதே மாதிரி வேறு மாடல் இருந்தாலும் வரைந்து கொடு, உன் பெயரைச் சொல்லியே விற்கிறேன் என்று வேறு சொன்னார். மூன்று வருஷத்தில் கரோலினுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

அவர் போனதும் இன்பம் படத்தைப் பார்த்தாள். சாக்பீஸில் கிறுக்கிக் காட்டியதெல்லாம் வர்ணத்தோடு அங்கே இருந்தது. அவளுக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. தன் வாயைத்தான் நொந்துகொண்டாள். திரும்பி சைரா எங்கே என்று பார்த்தாள். சைரா பவனிக்கு வந்துவிட்டிருந்தாள்.

இன்பம் சட்டென்று மூன்றாவது பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, முந்தானையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பலகையோ ஆள் உயரம். முந்தானை எவ்வளவு மறைக்கும்?

"அவளுக்குத் தெரிய வேணாம் கரோ," என்றாள் வாய்க்குள்ளேயே. "இன்னிக்கு சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கரோலின் கேட்கவில்லை. அவளுக்கும் யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. இன்பம் சைராவின் கையைப் பிடித்து, தலை வலிக்கிறது, ஒரு டீ குடித்தால் தேவலை என்று வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ரிவ்யூ தொடங்கும்போது சைரா முதல் ஆளாகத் திரும்பி வந்துவிட்டாள். அது பரீட்சை மாதிரி, நாம் போகக்கூடாது என்று இன்பம் தடுத்துப் பார்த்தாள். மற்ற பெற்றவர்கள் எல்லாம் போகும்போது நமக்கு மட்டும் என்ன, நம் பெண் பேசுவதை நாமே கேட்காவிட்டால் எப்படி என்று சைரா உள்ளே வந்து, பின்னால் சுவரோரம் நின்றாள். இன்பம் வரவில்லை. வாசலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வாளர் அம்மா ஒவ்வொரு பலகையாக வந்தார். கண்டிப்பான முகம், ஆனால் ஊன்றிக் கேட்கிற காது. கரோலின் மான்களைப் பற்றிச் சொன்னாள்: வலையை விட்டது தப்பு, வலையோடு வரைந்திருந்தால்தான் அது அமிர்தியாக இருந்திருக்கும். பவனியைப் பற்றிச் சொன்னாள்: முகங்களுக்குப் பொறுமை இல்லாமல் போய்விட்டது. அவள் சாக்குச் சொல்லாமல் பேசியது தேர்வாளருக்குப் பிடித்திருந்தது. டேனியல் சார் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

பிறகு எல்லோரும் மூன்றாவது பலகைக்கு நகர்ந்தார்கள். சைராவும் நகர்ந்தாள்.

கரோலின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் படத்தைப் பார்த்ததும் சைரா சிரித்தாள். கேட் செக்யூரிட்டியைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். கடைசிப் படத்துக்கு அவள் கண் போனது. சிரிப்பு அப்படியே நின்றது. கிட்டே வந்து, முன்னால் நின்ற ஒருவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அப்புறம் படத்தை விட்டுவிட்டு கரோலினைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் அப்போது கோபம் இல்லை. இது எப்படிம்மா என்று கேட்கிற பார்வைதான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தேர்வாளருக்கும் சந்தேகம் வந்தது. இது உண்மையான கம்பெனியா என்று கேட்டார். ஆமாம், அம்மா வேலை செய்யும் இடம் என்றாள் கரோலின். மேஜைமேல் இருக்கிற பூட்ஸும் அவர்களுடையதா, அனுமதி வாங்கினாயா என்று அடுத்த கேள்வி வந்தது. கம்பெனியின் மாடலை அனுமதி இல்லாமல் போட்டிருந்தால் இந்த ப்ராஜெக்டுக்கு மார்க் போடவே முடியாது, கல்லூரிக்கே வம்பு வரும் என்றார். அவர் மிரட்டவில்லை. நடைமுறையைத்தான் சொன்னார்.

 அம்மாவின் வேலை, மூன்று வருஷப் படிப்பு இரண்டும் அந்த ஒரு பதிலில் நின்றன. சைராவும் நின்றுகொண்டிருந்தாள். மூன்றில் எதைக் கையில் எடுப்பது என்று யோசிக்க கரோலினுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவகாசம் கிடைத்தது. தேர்வாளர் பொறுமையாகத்தான் காத்திருந்தார்.

"இல்ல மேடம். பூட்ஸ் மட்டும் கற்பனை. நானே யோசிச்சு வரைஞ்சது."

தேர்வாளரின் முகம் மலர்ந்தது. கற்பனையில் இவ்வளவு நுணுக்கமா என்று குனிந்து பார்த்தார். வளைவில் விரல் வைத்து, இங்கே மட்டும் ஏன் இரண்டு வரி தையல் என்று கேட்டார். ஒரு பொய்யோடு ஆளை விட்டுவிடுவார்களா?

"அங்க வார் வளையுது மேடம். கிழிஞ்சிடும். அதனால அடியில ஒரு துண்டு குடுத்து, ரெண்டு வரி போட்டா நிக்கும்னு எனக்குத் தோணுச்சு."

சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நிமிர்ந்தபோது நின்ற இடத்தில் சைரா இல்லை. டேனியல் சார் பெருமையோடு யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பு கைதட்டியது.

வாழ்க்கையில் சில கைதட்டல்களைத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கரோலின் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, படங்களைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினாள்.

மரத்தடியில் சைரா, இன்பத்துக்கு எதிரே நின்று, அந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் உயரவில்லை. கரோலின் அருகில் போனபோது பேச்சு முடிந்திருந்தது. சைரா அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நல்லா பேசினே கண்ணு," என்றாள்.

அவ்வளவுதான். புர்காவைச் சரிசெய்துகொண்டு ரோட்டுக்கு நடந்தாள். ஆம்பூர் பஸ் ஒன்று வந்தது. வரும்போது இன்பத்துக்கு இடம் பிடித்து வைத்தவள், இப்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

"உள்ள இன்னா சொன்ன?" என்று கேட்டாள் இன்பம். கரோலின் ஒன்று விடாமல் சொன்னாள். இன்பம் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொல்ல வேணான்னுதான் சொன்னேன். அவ யோசிச்சத உன்னுதுன்னு சொல்லச் சொன்னனா?"

கரோலினுக்கு அழுகை பொங்கி வந்தது. உனக்காகத்தானேம்மா சொன்னேன் என்று ஒரு பதில் வாய்வரை வந்தது. பாதி உண்மை அது. மார்க்குக்காகவும்தான் என்கிற மீதிப் பாதி அவளுக்குத் தெரியும். அதனால் அந்தப் பதிலை அவள் சொல்லவில்லை.

அடுத்த பஸ்ஸில் இருவருக்கும் மாதனூருக்கு டிக்கெட் வாங்கினாள். பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியது. கரோலின் கண்ணை மூடினால் படங்கள் வந்தன. மூன்று வருஷமாக எத்தனை தாள், எத்தனை வர்ணம்! இருப்பதை இருப்பதாக வரையத் தெரிந்துகொண்டேன் என்று நேற்று ராத்திரிகூட நினைத்தாளே. வரைந்துவிட்டாள்தான். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் வாய் வேறு மாதிரி பேசியது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் மேஜையைச் சுவரில் மாட்டினோமே, அம்மாவிடமாவது முழுப் படத்தைக் காட்டியிருந்தால் அவள் தடுத்திருப்பாளே என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

போனை எடுத்து சைராவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை எடுத்தாள். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல்.

"ஆன்ட்டி, அது கற்பனை இல்ல. அந்த ரெண்டு வரி உங்க ஐடியா. அம்மா அன்னிக்கே சொல்லிச்சு."

"எனக்குத் தெரியும் கண்ணு," என்றாள் சைரா. குரல் தணிந்துதான் இருந்தது. "எனக்குத் தெரிஞ்சு இன்னா ஆவப் போவுது? நீ அங்க சொல்லுவேன்னுதான் நின்னுட்டிருந்தேன்."

கரோலின் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். அதற்குள் அங்கே கண்டக்டர் விசில் ஊதுவது கேட்டது.

"கம்பெனி ஸ்டாப் வந்துட்டுது. எறங்கணும். வெச்சிடறேன்," என்று சைரா போனை வைத்துவிட்டாள்.

சைராவின் வீடு ஆம்பூருக்குள், பஜாருக்குப் பின்னால். கம்பெனி அதற்கு முன்பே ஹைவேயில் இருக்கிறது. வேலை போனவளுக்கு அந்த ஸ்டாப்பில் என்ன வேலை? கரோலின் அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. மேனேஜர் இந்நேரம் சீட்டில்தான் இருப்பார். படம் கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். சைராமேல் விழுந்த பழி துடைக்கப்படும், இன்பத்தின் பெயர் அந்த இடத்தில் வந்து உட்காரும்.

மாதனூர் வந்தது. கண்டக்டர் குரல் கொடுத்தார். முன்னால் இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கரோலின் எழுந்து நின்றாள். இன்பம் எழவில்லை.

"அம்மா, நம்ம ஸ்டாப்பு."

"உக்காரு," என்றாள் இன்பம். "கம்பெனிக்கு டிக்கெட் வாங்கு. அவ அங்க தனியா நிக்கக் கூடாது."

பஸ் கிளம்பியது. கரோலின் உட்கார்ந்தாள். அம்மா போவது சைராவைத் தடுக்கவா, சைராவோடு நிற்கவா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் இன்பம் பதில் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கே அது இன்னும் தெரியாது.